கதவுப் பக்கம், ஜன்னல் பக்கம்

பின்சக்கரம் தன் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கோணாமல் இருந்த முன்சக்கரத்தை முதலில் கழற்றச் சொன்னான் ரொட்டிக்காரன். அவன் புத்தி அப்படி.

"ரெண்டுல நல்லா இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் கழட்டணுமா?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"மறைக்குதும்மா. நான் பாத்துச் சொன்னாத்தானே நீ முறுக்க முடியும்?"

கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். சைக்கிள் கூடத்தின் நடுவே தலைகீழாக, சீட்டையும் ஹேண்டில்பாரையும் தரையில் ஊன்றி நின்றது. கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கச் சுவரில் தெருக்கதவு, எதிர்ச் சுவரில் ஜன்னல், கோடியில் ஒரு கட்டில், இந்தக் கோடியில் குடைகள். சைக்கிளை நீளவாக்கில் நிறுத்திய பிறகு சமையலறைக்குப் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கட்டிலில் ரொட்டிக்காரன் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தான். கால் ஒன்றில் முழங்கால்வரை மாவுக்கட்டு. நேற்றுக் காலை ரொட்டியெல்லாம் கொடுத்து முடித்து வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தவனை, சரிவில் பிடி நழுவி வந்த ஒரு தள்ளுவண்டி பின்னாலிருந்து இடித்துவிட்டது. சக்கரம் கோணிற்று, கணுக்கால் முறிந்தது. கணுக்கால் கூட ஆறேழு வாரத்தில் கூடிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சக்கரத்துக்கு அப்படி நாள் கொடுக்க முடியாது. பேக்கரிக்கு இன்றைக்கு வார விடுமுறை. நாளை விடிவதற்கு முன்னால் ரொட்டி அடுப்பைவிட்டு வெளியே வந்துவிடும்.

பேக்கரி முதலாளி நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார், வருத்தப்பட்டார், போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"யார் வந்தாலும் எனக்குச் சரிதான். ஆனா நாளைக்கு லீவு போக, நாளான்னிக்கு ஒரு ஆள் வந்தாகணும். ரொட்டி வரலைன்னா ரெண்டாம் நாளே ஜனங்க வேற ஆள்கிட்ட வாங்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் லைன் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"நான் வரேன்" என்று அப்போதே சொன்னாள் மனைவி. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வலியிலும் ரொட்டிக்காரன் சிரித்துவிட்டான். அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

அவளைத் தெருவில் குடைக்காரி என்பார்கள். குடை தைக்கிறவள், கம்பி மாற்றுகிறவள். காற்றில் மடங்கி, செத்த கோழிபோல வருகிற குடையைக்கூட மறுநாள் விரித்துக் காட்டிவிடுவாள். மழை இல்லாத மாதங்களில் அந்தத் தொழில் தூங்கும். இப்போது தூங்குகிற மாதம். வீடு வீடாக ரொட்டி போடுகிற லைன் ஒன்றுதான் வீட்டை ஓட்டுகிறது. அது கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சைக்கிள் கடைக்காரர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கடையில் பூட்டு. கம்பி முறுக்குகிற சாவி மட்டும் ரொட்டிக்காரனின் தகர டப்பாவில் கிடந்தது. கம்பி முனைகளில் இருக்கிற நிப்பிள்களைத் திருகுகிற அந்தச் சின்னச் சாவியை அவன் வாங்கிவைத்தானே தவிர ஒருநாளும் தொட்டதில்லை.

"கோட்டம் எடுக்கறது பெரிய வித்தையா? கடைக்காரர் பக்கத்துல உட்கார்ந்து எத்தனை டீ குடிச்சிருக்கேன். எல்லாம் பாத்து வச்சிருக்கேன்" என்றான்.

"டீ குடிச்சதா, பாத்ததா?"

"ரெண்டும்தான். சுத்து, பாப்போம்."

காற்றைப் பிடுங்கிவிட்டு, சின்ன முக்காலியில் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சுழற்றினாள். வயிற்றுவலிக்காரன் நடப்பதுபோல இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. துருப்பிடித்த நிப்பிள்களுக்கெல்லாம் ஒவ்வொரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். எண்ணெய் இறங்கட்டும் என்று அடுப்படிக்குப் போய் நேற்றைய ரொட்டியைச் சுட்டு, முட்டையும் வெங்காயமும் பொரித்துக் கொண்டுவந்தாள். இருவரும் தின்றார்கள். தின்னும்போதும் அவள் கண் சக்கரத்திலேயே இருந்தது.

வேலையை அவள் தனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தாள். குடை ஒரு பக்கம் தொங்கினால், தொங்குகிற இடத்துக் கம்பிகளை எல்லாம் சேர்த்து இறுக்கிக் கட்டுவாள், குடை நிமிர்ந்துவிடும். சக்கரத்திலும் கோணின இடத்தில் இருந்த கம்பிகளை எல்லாம், ஒன்றுகூட விடாமல், கிறீச் கிறீச்சென்று இறுக்கினாள். சுழற்றிப் பார்த்தால் கோணல் அப்படியே இருந்தது. போதாததற்கு அந்த இடத்தில் ரிம் உள்ளே இழுபட்டு, சக்கரம் இப்போது சாய்ந்தும் ஆடியது, குதித்தும் ஆடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"நான் சொல்றதைக் கேட்டாத்தானே?" என்றான் ரொட்டிக்காரன். "இடது பக்கம் சாயுது. அப்போ வலது பக்கத்துக் கம்பியை முறுக்கணும். கடைக்காரர் அப்படித்தான் செய்வாரு. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அது உண்மையில் சரியான யோசனை. அவனிடம் சரியான யோசனைகள் இல்லாமலில்லை. குடைக்காரி முகத்தைக் கம்பிகளுக்குள் புதைத்துக்கொண்டு அவன் சொன்ன பக்கத்தை முறுக்கினாள். சாய்வு அதிகமானது.

"இன்னும் கொஞ்சம் முறுக்கு."

முறுக்கினாள். இன்னும் அதிகமானது. சக்கரம் சைக்கிள் சட்டத்தின் பின்கம்பியிலேயே உரசி நின்றுவிட்டது.

"கை பழகலை உனக்கு" என்றான் அவன், பெருந்தன்மையாக.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்கே ஆடறவளையே கோணல்ங்கறீங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

வந்தவன் ரொட்டிக்காரனின் தம்பி. வேலை மாற்றுவதையே வேலையாகச் செய்துகொண்டிருப்பவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்வான், அவ்வளவுதான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வயிற்றை எக்கி உள்ளே வந்து, அண்ணனின் கட்டைத் தட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணி, இன்னும் இதைக் கட்டிட்டு அழறீங்க? நாளைக்கு நான் ஸ்கூட்டர்ல போயிடறேன். கூடையை மட்டும் எடுத்துக் கொடுங்க."

குடைக்காரி சாவியைத் தரையில் வைத்தாள்.

"எங்கே போறீங்க தம்பி?"

"லைனுக்குத்தான். அண்ணன் சொல்லலையா? நேத்தே ஆள் அனுப்பிச் சொல்லிட்டாரே."

அவள் கட்டிலைப் பார்த்தாள். ரொட்டிக்காரன் ஜன்னலைப் பார்த்தான்.

"அப்போ காலையிலேருந்து நான் எதுக்கு இதைத் திருகிட்டு இருக்கேன்?"

"எப்படியும் ஒருநாள் சரிபண்ண வேண்டியதுதானே..." என்று இழுத்தான் அவன். "கால் சரியானதும் எனக்கு வண்டி வேணும்ல?"

அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. நடக்கிற காரியம் என்று நம்பிக் காலையிலிருந்து விரல் தேய்த்திருக்கிறாள். அவன் படுத்துக்கொண்டு இடது என்றும் வலது என்றும் அவளை ஆட்டி வைத்திருக்கிறான்.

"தம்பி, மூஞ்சிக்கு நேராச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. லைன் உங்க கைக்கு வந்தா திரும்பி வராது. அது உங்களுக்கும் தெரியும், உங்க அண்ணனுக்கும் தெரியும்."

"என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க! கூடப் பிறந்தவன் நான்."

"அதனாலதான் சொல்றேன். வேத்தாளா இருந்தா கேட்டு வாங்கலாம். உங்ககிட்ட இவர் எப்படிக் கேப்பாரு?"

தம்பி அதற்கு மறுப்புச் சொல்லாமல் டீ இருக்கிறதா என்று கேட்டான். அவனுக்குள் ஒரு நேர்மை உண்டு.

"ஏம்மா, நான் வேற என்ன பண்ணட்டும்?" என்றான் ரொட்டிக்காரன். "பொண்டாட்டியைத் தெருத்தெருவா அனுப்பிட்டு இவன் காலை நீட்டிப் படுத்திருக்கான்னு பேசமாட்டாங்களா?"

"நாலு மாசம் உங்களுக்கு வேலை இல்லாதப்போ என் குடைக் காசுலதானே சாப்பிட்டோம். அப்போ யாராவது பேசினாங்களா?"

"அது வீட்டுக்குள்ள."

"வீட்டுக்குள்ள சம்பாதிச்சா சோறு ருசியா இருக்குமோ? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க?"

தம்பி மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அண்ணன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சரி, அதை விடு. நீ விழுந்துட்டா?" ரொட்டிக்காரனின் குரல் தணிந்தது. "கூடை நிறைய வெயிட்டு. மேடு, பள்ளம், நாய். நீ சைக்கிள் ஓட்டி நான் பாத்ததே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே. கல்யாணத்துக்கு முன்னாடி சந்தைக்குச் சந்தை குடை மூட்டையை யார் கொண்டு போனதுன்னு நினைச்சீங்க? நம்ம வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நீங்க பின்னாடி ஏறச் சொன்னீங்க, ஏறினேன். அவ்வளவுதான்."

தம்பிக்கு டீ வந்தது. வாங்கிக்கொண்டு அவன் குடைகளை ஒதுக்கிவிட்டு, அண்ணிக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க" என்றாள் குடைக்காரி. "இருட்டறதுக்குள்ள இந்தச் சக்கரம் நேரா ஓடணும். ஓடினா நாளைக்கு நான் போறேன். ஓடலைன்னா தம்பி போகட்டும், நான் வாயே திறக்கமாட்டேன்."

ரொட்டிக்காரன் சக்கரத்தைப் பார்த்தான். அது இருந்த இருப்பில் யார் வேண்டுமானாலும் எந்தப் பந்தயத்துக்கும் ஒத்துக்கொள்வார்கள்.

"சரி" என்றான்.

அவள் சக்கரத்தை மெல்லச் சுழற்றினாள்.

"இடது பக்கம் சாயுது பார்" என்றான் கட்டிலிலிருந்து அண்ணன்.

"இடது எங்கே இருக்கு? வலது பக்கம்ல சாயுது?" என்றான் தரையிலிருந்து தம்பி.

"டேய், எனக்கு காலுதான் போச்சு, கண்ணு போகல. இடது."

"நான் பக்கத்துல உட்கார்ந்து பாக்கறேன் அண்ணே. சத்தியமா வலது."

"சின்ன வயசுலேருந்து இவன் இப்படித்தான், நான் எது சொன்னாலும் அதுக்கு எதிரா—"

குடைக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சும்மா சிரித்தாள், பிறகு சாவி கையிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க அந்தக் கோடியிலேருந்து பாக்கறீங்க. நான் இந்தக் கோடியிலேருந்து பாக்கறேன். உங்க இடது எனக்கு வலது. காலையிலேருந்து நீங்க சொன்னதைத் தலைகீழா செஞ்சுட்டு இருந்திருக்கேன்."

ரொட்டிக்காரன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு அவளுக்குக் காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு ஈடாக இருந்தது.

"இனிமே இடதும் வேணாம், வலதும் வேணாம்" என்றாள். "கதவுப் பக்கம், ஜன்னல் பக்கம். அது ரெண்டும் நாம எங்கே உட்கார்ந்தாலும் நகராது."

வேலையை முதலிலிருந்து தொடங்கினாள். காலையில் முறுக்கினதை எல்லாம் தளர்த்தினாள். குடையிலும் அப்படித்தான், தப்பாகப் போட்ட தையலின் மேலேயே இன்னொரு தையல் போட்டால் துணிதான் கிழியும். தளர்த்திக்கொண்டே வரும்போது கம்பிகளை நிதானமாகக் கவனித்தாள். ஒரு கம்பி, அச்சைச் சுற்றியிருக்கிற நடுக்குடத்தின் கதவுப் பக்கத்து விளிம்புக்குப் போனது. அடுத்தது ஜன்னல் பக்கத்து விளிம்புக்குப் போனது. அடுத்தது மறுபடி கதவு. சக்கரம் முழுக்க ஒன்றுவிட்டு ஒன்று.

"இது குடை இல்லைங்க" என்றாள். "குடையில எல்லாக் கம்பியும் ஒரே கட்சி. இதுல ரெண்டு கட்சி. நான் பாட்டுக்கு ரெண்டு பேரையும் சேர்த்து இழுத்திருக்கேன். அதான் எந்தப் பக்கமும் போகாம உள்ளே குழிஞ்சிடுச்சு."

குடைத்துணியில் குறிபோடுகிற சாக்குக்கட்டியை எடுத்தாள். சைக்கிளின் பின்கம்பியில் கையை ஊன்றி, சாக்குக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினாள். எங்கே பிதுங்குகிறதோ அங்கே மட்டும் வெள்ளை ஒட்டியது. ஒட்டின இடத்தை மேலே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம்?"

"கதவு" என்றான் ரொட்டிக்காரன்.

ஜன்னல் கட்சிக் கம்பிகளை ஒரு கால் சுற்று இறுக்கினாள், கதவுக் கட்சியை ஒரு கால் சுற்றுத் தளர்த்தினாள். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. ஒரு நிப்பிள் அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, அடுத்ததைப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து திருகினாள். அப்போது அது அசைந்து கொடுத்தது.

"இப்போ?"

"கதவுதான். ஆனா கம்மி."

சுழற்றல், சாக்கு, கால் சுற்று.

"இப்போ?"

"ஜன்னல். துளி."

அவள் குனிந்திருந்ததால் அவளுக்குத் தெரியாத ஆட்டம் அவனுக்குத் தூரத்திலிருந்து துல்லியமாகத் தெரிந்தது. தினமும் வீட்டுக்கு வீடு நின்று யார் முகத்தில் என்ன என்று பார்த்துப் பழகிய கண் அது, சும்மா சொல்லக் கூடாது. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவனாகவே "கதவு... கதவு... ம், விடு... ஜன்னல் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்து வெகுகாலம் ஆகிறது என்பது அவனுக்கு நடுவில் தோன்றியது. அவன் குரல் மாறியிருந்தது. தம்பி இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு, கேட்காமலேயே டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தான்.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியபோது சாக்குக்கட்டி ரிம்மைத் தொடுவதும் தொடாததுமாக ஒரே மெல்லிய கோடாகச் சுற்றி வந்தது. உள்ளே குழிந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன அசைவு மிச்சம். அதையும் எடுக்கப் போனவளை ரொட்டிக்காரன் தடுத்தான்.

"போதும். புதுச் சக்கரத்துலயே அவ்வளவு இருக்கும். அதுக்கு மேல போனா கம்பி அறுந்துடும்."

அவள் சாவியைக் கீழே வைத்தாள். அவன் சொன்னதால் அல்ல, அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

முன்சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, வண்டியை நிமிர்த்தித் தெருவில் நிறுத்தினாள். தம்பி இடுப்பில் கை வைத்துச் சுற்றிவந்து பார்த்தான்.

"நேராத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அண்ணி, சும்மா சுத்தற சக்கரம் எல்லாம் நேராத்தான் சுத்தும். கூடையை ஏத்தினா தெரியும்."

அது நியாயமான பேச்சு. கூடையில் நிரப்ப வீட்டில் ரொட்டி ஏது? குடைக்காரி யோசித்தாள். பிறகு திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தாள்.

"ஏங்க, எழுந்து வாங்க."

"என்னது?"

"பின்னாடி உட்காருங்க. கூடையைவிட நீங்க ஒண்ணும் லேசு இல்ல."

"கட்டுப் போட்ட காலோட தெருவுல என்னை ஊர்கோலம் விடப்போறியா?"

"நாளைக்கு நான் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டீங்க. இன்னிக்கே பாத்துக்கலாம் வாங்க."

அவன் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். ஆனால் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வந்துவிட்டான். கட்டுப் போட்ட காலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட முடியாது. ஆகவே இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்ததுபோல ஒரு பக்கமாகக் கேரியரில் உட்கார்ந்தான். எதிர் வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

குடைக்காரி குறுக்குக் கம்பிக்கு மேலாகக் காலைப் போட்டு ஏறினாள். ஏறின விதத்திலேயே அவளுக்கு ஓட்டத் தெரியும் என்று தெரிந்தது. வண்டி நகர்ந்தது. நாலைந்து வீடுகள் நேராகப் போயிற்று. பிறகு ஆட ஆரம்பித்தது.

"ஆடுது அண்ணி! நான் சொன்னேன்ல? சக்கரம் விட்டுக் கொடுத்துடுச்சு!" பின்னாலேயே ஓடிவந்தான் தம்பி.

அவள் காலை ஊன்றி நிறுத்தினாள். தம்பியைக் கேரியரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அண்ணன் அவன் கழுத்தைப் பிடித்துத் தொங்க, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தாள். நேராக ஓடியது. கம்பி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எதுவும் தளரவில்லை. மறுபடி ஏறி மிதித்தாள். மறுபடி ஆட்டம்.

இந்தத் தடவை அவள் சக்கரத்தை விட்டுவிட்டு முதுகைக் கவனித்தாள். எதிரே ஒரு குழி. அவள் தெருவோரமாக ஒதுங்க நினைத்தாள். நினைத்து, ஹேண்டில்பாரைத் திருப்புவதற்கு முன்பே பின்னால் இருந்த எடை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சீட்டின் ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் அங்கேயிருந்தபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்னாடி உட்கார்ந்துட்டு ஓட்டாதீங்க."

"நான் எங்கே ஓட்டினேன்? குழி இருந்துச்சு, அதான்—"

"குழி எனக்கும் தெரியுது. எத்தனை வருஷம் உங்க பின்னாடி உட்கார்ந்து வந்திருக்கேன்? ஒருநாளாவது குழியைப் பாத்தேனா? உங்க முதுகைத்தானே பாத்துட்டு வந்தேன்."

தம்பி ஓடிவந்து சேர்வதற்குள், அவன் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பயமா இருக்கும்மா" என்றான்.

"எனக்கும் இருந்துச்சு, மொதல்ல. அப்புறம் பழகிடுச்சு."

அவன் ஸ்பிரிங்கை விட்டான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். அவள் மிதித்தாள். வண்டி தெருக்கோடிவரை நூல் பிடித்ததுபோல் போயிற்று. கோடியில் திரும்பிவிடுவாள் என்று தம்பி காத்து நின்றான். அவள் திரும்பவில்லை, அடுத்த தெருவுக்குள் வளைந்தாள்.

அந்தத் தெருவில்தான் அவன் லைன் தொடங்குகிறது. முதல் வீடு வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பச்சை கேட் போட்ட வீடு. இங்கே ரெண்டு. மணி அடிக்காதே, குழந்தை தூங்கும். கம்பியில பையை மாட்டிட்டு வந்துடு."

"சரி."

"அடுத்த வீட்டு மாடி. ஒண்ணு, வெட்டாதது. பெரியவருக்குக் காது கேக்காது, கதவைத் தட்டிப் பிரயோஜனமில்ல, தள்ளணும்."

"சரிங்க."

"இந்தத் தையல்காரர் வீட்ல ஒருநாள் விட்டு ஒருநாள். காசு கேட்டா மறந்துட்டேன்னு சொல்வாரு. நீ விடாம கேக்கணும்."

வீடு வீடாக அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் சக்கரத்தை மறந்துவிட்டு, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே மிதித்தாள்.